சிஸ்டர், எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?



மும்பை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பத்துக்குப் பத்து அறையொன்றில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகத்தைக் கர்த்தருடைய கிருபையால் நடத்தி வருகிறேன். நான் பட்டயக் கணக்காளர் அல்ல. பி.காம். முடித்து, மாட்டுங்காவில் ஒரு தணிக்கையாளரிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை கற்றவள். இரண்டு கணினிகள், ஓர் அச்சு இயந்திரம், மின்சாரம் நின்றால் இருபது நிமிடம் தாங்கும் பேட்டரிப் பெட்டி, உதவிக்கு ஒரு தங்கை. இவ்வளவுதான் அலுவலகம். என்னிடம் வருகிறவர்களும் கோடிகளில் புரளுகிறவர்கள் அல்லர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர். மருத்துவமனைச் செவிலியர், கிடங்கு மேற்பார்வையாளர், ஓட்டுநர், சிறு தோல் பட்டறை வைத்திருப்பவர்.

சபையில் மூப்பர் ஒருவர் என்னை விளையாட்டாக, "நம்முடைய மத்தேயு" என்று அழைப்பார். மத்தேயு வரி வாங்குகிற பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். நான் கட்டுகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவுமின்றி, அவர் அழைப்பைக் கேட்டவுடன் மேசையை விட்டு எழுந்து போனார். நான் எழுந்து போனால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை.

சம்பளம் கொடுக்கும் நிறுவனங்கள் பிடித்த வரிக்குச் சான்றாகப் படிவம் 16-ஐ ஜூன் 15-க்குள் கொடுக்க வேண்டும். மும்பையில் மழை வலுக்கும் அதே நாட்களில் எங்கள் பருவமும் தொடங்கிவிடும். சாதாரணமாக ஜூலை 31 கடைசி நாள். தவறினால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். இந்த ஆறு வாரங்களின் சம்பாத்தியத்தைக் கொண்டுதான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும்.

இந்த வேலையில் சட்டம்தான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தைப் படித்துக்கொள்ளலாம். எங்கள் மக்களுடைய பெயர்களைச் சரிசெய்வதுதான் பெரும்பாடு. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனுடைய பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். பான் அட்டையிலோ முதலெழுத்துக்கு இடமில்லை. கடைசிப் பெயர் கட்டாயம். ஆகவே தகப்பன் பெயர் கடைசிப் பெயராகிவிடுகிறது. வங்கியில் முதலெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தகப்பன் பெயர் விரிந்து ஒரு பெயர், நிறுவனத்தின் படிவத்தில் இரண்டும் கலந்து ஒரு பெயர். இது போதாதென்று, ஞானஸ்நானம் பெற்றபின் சபையில் பேதுரு என்று அழைக்கப்படுகிற சகோதரர் காகிதங்களில் இன்னும் பேச்சிமுத்துவாகவே இருப்பார். பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பேதுரு. தகப்பனின் பான் அட்டையில் பேச்சிமுத்து. வங்கிக் கணக்கின் பெயர் பொருந்தாவிட்டால் வரவேண்டிய பணம் வராது. ஜீவபுஸ்தகத்தில் பெயர் சரியாக எழுதியிருக்கிறது என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். நானும் ஆமென் சொல்லிவிட்டு, பான் திருத்த விண்ணப்பத்தை எடுத்து நீட்டுவேன்.

அடுத்தது ஓ.டி.பி. கணக்கை அனுப்பினால் மட்டும் போதாது. 30 நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும். அந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறது? ஊரிலே அம்மாவிடம். மகன் என் எதிரில் உட்கார்ந்து தென்காசிக்குப் பேசுவார். அம்மா வயலிலிருந்து வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வோர் எண்ணாக வாசிப்பார்கள். ஒரு தாயார் மூன்று முறையும் குறுஞ்செய்தி வந்த நேரத்தையே வாசித்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் எங்களுக்கு உதவினான். வருகிற எண்ணை அவரவர் கையாலேயே கணினியில் அடிக்கச் சொல்லுவது என் வழக்கம். நான் கேட்டால்கூடச் சொல்லாதீர்கள் என்பேன். அதற்காகச் சிலர் வருத்தப்படுவதும் உண்டு: "உங்களை நம்பமாட்டோமா சிஸ்டர்?" நம்பிக்கை வேறு, பழக்கம் வேறு. என்னிடம் பழகிய கை நாளைக்கு வேறொருவனுக்கும் அதையே செய்யும்.

2025-ஆம் ஆண்டைப் போன்ற ஒரு பருவத்தை நான் கண்டதில்லை. படிவங்களில் பல மாற்றங்கள் இருந்ததால் கடைசி நாளை மே மாதத்திலேயே ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்தார்கள். நாள் கூடினால் வேலை பரவலாகும் என்று எண்ணினேன். நம்முடைய ஜனங்களோ ஜூலையில் வரவேண்டியவர்கள் ஆகஸ்டில் வரலாம் என்றார்கள், ஆகஸ்டில் மழை, மாதக் கடைசியில் கணபதி விழாவின் மேளச் சத்தத்தில் தொலைபேசியில் பேச முடியாது, செப்டம்பர் இரண்டாம் வாரம் எல்லாரும் ஒன்றாக வந்து நின்றார்கள். அந்த வாரத்தில் துறையின் இணையதளமும் களைத்துப்போனது. பாதி எழுதியபோது வெளியே தள்ளிவிடும். பிடித்த வரியின் விவரம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். செப்டம்பர் 30 வரை நீட்டித்துவிட்டார்கள் என்று ஒரு பொய்யான அறிவிப்பு வாட்ஸ்அப்பில் உலாவ, அது பொய் என்று துறையே 14-ஆம் தேதி மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

அந்த 14-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் கடை திறக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. ஆராதனைக்குப் போகாமல் நான் திறந்ததில்லை. ஆனால் திருவிருந்து முடிந்து வெளியே வந்தால், மூன்று சகோதரரும் ஒரு சகோதரியும் வேதாகமத்துக்குள்ளிருந்து படிவம் 16-ஐ உருவி எடுத்துக்கொண்டு நின்றார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்தேன். திங்கள் இரவு, வீடு திரும்பும் வேளையில், ஒரு நாள் நீட்டித்திருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒரே ஒரு நாள். செவ்வாய்க்கிழமையும் அவ்வாறே கழிந்தது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 7 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் போய்ச் சேர்ந்தன என்று வாசித்தபோது, அதில் என் அறையிலிருந்து போனவற்றை எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இவையெல்லாம் சரீரத்தின் களைப்பு. ஒரு நாள் தூங்கினால் தீரும். ஆத்துமாவை அரிக்கிற ஒரு கேள்வி உண்டு. நாற்காலியில் உட்காருமுன்னே அதைக் கேட்டுவிடுகிறார்கள்.

"சிஸ்டர், எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?"

நிறுவனம் பிடித்த வரி கூடுதலாக இருந்தால் மீதி திரும்பக் கிடைக்கும். சரியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. இதைச் சொன்னவுடன் அவர் முகம் மாறும். "என்னோடு வேலை பார்க்கிறவருக்கு முப்பதாயிரம் கிடைத்ததே. அவருக்கும் அதே சம்பளம்தான்." அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யார் என்று நான் கேட்பதில்லை. இந்தப் பகுதியில் அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் என்று ஒன்று கேட்கமாட்டார்கள். திரும்ப வருவதில் நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ எடுத்துக்கொள்வார்கள். எவ்வளவு கூடுதலாக வருகிறதோ அவ்வளவுக்கு அவர்களுக்கும் லாபம். நான் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒருபோதும் வாங்குவதில்லை. பணம் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் ஒரே தொகை. அப்படி வைத்ததால்தான் இரவில் தூக்கம் வருகிறது. அப்படி வைத்ததால்தான் கூட்டமும் குறைந்தது. 2023-இல் முந்தைய ஆண்டு வந்தவர்களில் பலர் வரவில்லை. ஜெபக்குழுவில் என் பக்கத்தில் முழங்கால்படியிடுகிற ஒரு சகோதரிகூட வேறிடத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் மாத வாடகையை என் மூத்த அண்ணன் கொடுத்தார்.

காணிக்கை ரசீதைப் பற்றியும் இங்கே எழுதவேண்டியிருக்கிறது, ஏனெனில் இது நம்முடைய சபைகளுக்குள்ளேயே நடக்கிறது. தசமபாகம் கொடுத்தால் வரி குறையும் என்று அநேகர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குறையாது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி பிரிவில் பதிவு பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தால்தான் கழிவு உண்டு. குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்காகவே நடத்தப்படும் அமைப்புக்கு அந்தப் பதிவு பொதுவாகக் கிடையாது. ரொக்கமாகக் கொடுப்பதில் 2,000 ரூபாய்க்கு மேல் எங்கே கொடுத்தாலும் செல்லாது. பதிவு பெற்ற நிறுவனங்களும் 2021-22 முதல், கொடுத்தவரின் பான் எண்ணோடு துறைக்குக் கணக்கு அனுப்பி, தனி எண்ணிட்ட சான்றிதழ் தரவேண்டியிருக்கிறது. வெள்ளைத்தாளில் முத்திரை குத்திய ரசீதின் காலம் முடிந்துவிட்டது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென்று நிறைவேற்றப்பட்ட புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், இந்தக் கட்டுப்பாடுகளின் சாரம் மாறவில்லை.

இதை அறியாத ஒரு வாலிபத் தம்பி என்னிடம் வந்து, "அக்கா, பாஸ்டரிடம் சொல்லி ஒரு லட்சத்துக்கு ரசீது வாங்கி வரட்டுமா?" என்றார். நல்ல பிள்ளை, வஞ்சகம் அறியாதவர். வருகைக்குச் சான்றிதழ் கேட்பதைப்போலக் கேட்டார். நான் பாஸ்டர் ஐயாவிடமே சொன்னேன். அவர் என்னை அடுத்த வாலிபர் கூடுகையில் பத்து நிமிடம் பேசச் சொன்னார். பிரசங்கம் எனக்கு வராது. வரி வசூலிக்க வந்தவர்களுக்கு யோவான்ஸ்நானகன் சொன்ன ஆலோசனையை மட்டும் நினைவுபடுத்தினேன். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள் என்றார். நமக்கு அது மறுபக்கமாகப் பொருந்தும் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

உண்மையில், சம்பளக்காரர்களுக்கு இந்தப் பொய்யின் தேவையே பெரும்பாலும் போய்விட்டது. புதிய முறையில் 2024-25 நிதியாண்டுக்கு 7,75,000 ரூபாய் வரை சம்பளம் பெற்றவர்களுக்கு வரி இல்லை. 2025-26-க்கு அது 12,75,000 ஆகிவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் இதற்குமேல் வாங்குகிறவர்கள் சிலரே. ஆனால் பழைய ஆண்டுகளில் எழுதியவை பழைய ஆண்டுகளிலேயே இருக்கின்றன.

அவற்றைத் தேடிக்கொண்டு 2025 ஜூலை 14 அன்று துறையினர் நாடெங்கும் 150 இடங்களில் சோதனைக்குப் போனார்கள். பொய்யான கழிவுகளை எழுதிக் கொடுத்த இடைத்தரகர்களே இலக்கு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள் என்றும் அறிவித்தார்கள். திருத்தாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் போயின.

அப்படி ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் ஒரு சகோதரர் மனைவியோடு வந்தார். வேறு சபையைச் சேர்ந்தவர்கள். காவலர் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். முதலில் அவருடைய கணக்கைத் திறக்கவே முடியவில்லை. அதில் பதிந்திருந்த மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் அவருடையவை அல்ல, எழுதிக் கொடுத்தவனுடையவை. துறை இதற்கு முன் எத்தனை கடிதம் அனுப்பியிருந்தாலும் அவரை வந்து சேர்ந்திருக்காது. ஆதார் மூலமாகக் கடவுச்சொல்லை மாற்றி உள்ளே போனோம்.

2022-23 நிதியாண்டு. நியாயமான கழிவுகள் போக வருமானம் 6,27,500 ரூபாய். பழைய முறையில் அதற்குரிய வரி 39,520. நிறுவனம் அதைச் சரியாகப் பிடித்திருந்தது. அதன்மேல் மூன்று வரிகள் சேர்க்கப்பட்டிருந்தன. வீட்டு வாடகை 60,000; அவர்களோ தகப்பனார் விட்டுப்போன சொந்த அறையில் வாழ்கிறார்கள். மருத்துவக் காப்பீடு 25,000. அப்படி ஒரு பாலிசியே இல்லை. நிவாரண நிதிக்கு நன்கொடை 45,000. மொத்தம் 1,30,000. வருமானம் 4,97,500-க்கு இறங்கியது. ஐந்து லட்சத்துக்குள் வந்தால் வரி முழுவதும் தள்ளுபடி. பிடித்த 39,520-உம் திரும்பி வந்தது. எழுதியவனுக்கு வேலை தெரிந்திருக்கிறது. ஐந்து லட்சத்துக்கு எவ்வளவு கீழே நிறுத்தவேண்டும் என்று அளந்து நிறுத்தியிருக்கிறான்.

"நன்கொடை யாருக்குக் கொடுத்தீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"அப்படி ஒன்று எழுதியிருப்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும் சிஸ்டர்."

திருத்திய கணக்கு கொடுக்க வழி உண்டு. அந்த ஆண்டுக்கு 2026 மார்ச் 31 வரை கொடுத்தால் வரி, வட்டி, அவ்விரண்டின்மேல் நூற்றுக்கு 50 கூடுதல் வரி. அதற்குப் பின் அது 60 ஆகும். துறையே கண்டுபிடித்துப் பொய்த்தகவல் என்று தீர்த்தால் அபராதம் வரியைப்போல் இரு மடங்கு. வரியும் வட்டியும் தனி. நான் கூட்டிக் காட்டிய தொகை எழுபதாயிரத்தைத் தாண்டியது. அவர் காகிதத்தைத் தம் பக்கம் திருப்பி, மறுபடியும் தாமே கூட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: "அந்தப் பணம் வந்தபோது பெரியவளின் நர்சிங் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வழியில்லாமல் மூன்று நாள் உபவாசத்தில் இருந்தோம். வங்கியிலிருந்து செய்தி வந்தது. கர்த்தர் அற்புதம் செய்தார் என்று சபையில் நானே சாட்சி சொன்னேன். அதில் தசமபாகமும் கொடுத்தோம். அதையெல்லாம் இப்போது என்ன செய்வது சிஸ்டர்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வரியைப் பற்றிக் கேட்டால் சொல்லுவேன். இது என் மேசைக்கு வரவேண்டிய கேள்வி அல்ல. உங்கள் பாஸ்டரிடம் மனந்திறந்து பேசுங்கள் என்றேன். அவர்கள் உபவாசித்ததும் மெய், கண்ணீர் விட்டதும் மெய். அந்தக் குடும்பத்தின் விசுவாசத்துக்குள் ஒருவன் தன் பத்து சதவீதத்துக்காகக் கையை விட்டுவிட்டானே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய். இப்போது அவன் கடை மூடிக் கிடக்கிறது என்றார்கள்.

அவர் கேட்டார்: "எழுதினது அவன்தானே. அவன் கட்டவேண்டியதில்லையா?" கணக்கின் கீழே இருக்கும் பெயர் உங்களுடையது என்று சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாயிருந்தது. சகேயு நான்கு மடங்கு கொடுத்தான், இவர்கள் இரண்டு மடங்குகூடக் கேட்கவில்லை என்று நான் சொன்னபோது மட்டும் அந்த அம்மா இலேசாகச் சிரித்தார்கள்.

இரண்டு வளையல்களை அடகு வைத்தார்கள். மீதிக்கு அவர் சங்கத்தில் கடன் எடுத்தார். பணத்தை முதலில் கட்டினால்தான் திருத்திய கணக்கை ஏற்பார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை மாலையில் இருவரும் வந்து, என் கணினியிலிருந்தே கட்டி, ரசீதின் எண்ணை அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் அவருடைய பெயருக்கு மாறின. ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஜெபித்தது அந்த அம்மா. கல்லூரியில் இருக்கும் மகளுக்காகத்தான் பெரும்பகுதியும்.

அக்டோபரில் அவர் மறுபடியும் வந்தார், தம்மோடு வேலை பார்க்கும் இருவரை அழைத்துக்கொண்டு. இருவருக்கும் எழுதியவன் அதே ஆள், அதே ஆண்டு. அவரே தம் குறிப்பேட்டைத் திறந்து, தாம் கட்டியதை அவர்களுக்கு விளக்கினார். ஒருவர் கேட்டு முடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பான் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். மற்றவர் வாசலிலேயே நின்றார். "நோட்டீஸ் வரட்டும் சிஸ்டர், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அவருடைய கைப்பேசி எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மார்ச் மாதத்தில் ஒருமுறை அழைத்து நினைவுபடுத்த வேண்டும் என்று நாட்காட்டியில் எழுதி வைத்தேன்.